மெரினா நல்லடக்கமும் ‘பதவி மரபு’ம்: 2018 பதில்மனுவின் வரலாற்று வாசிப்பு பற்றி

சென்னை மெரினாவில் எந்தத் தலைவருக்கு அடக்க இடம் உண்டு, எவருக்கு இல்லை என்ற கேள்விக்கு இன்று பலரும் ஒரு விதியைச் சொல்கிறார்கள். முதலமைச்சராக இருக்கும்போதே இறந்தவருக்கு மெரினா. முன்னாள் முதலமைச்சராக இறந்தவருக்குக் கிண்டி. விதி எளியது, நினைவில் நிற்பது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா மூவரும் பதவியில் இருந்தபடி மறைந்தார்கள். மூவரும் கடற்கரையில் இருக்கிறார்கள். ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் மூவரும் பதவி நீங்கிய பின் மறைந்தார்கள். மூவருக்கும் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் நினைவிடம் இருக்கிறது. மூன்றுக்கு மூன்று. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் விதியை யாரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த விதியை முழுமையாக எடுத்துரைத்த ஆவணம், 2018 ஆகஸ்ட் 8 காலை சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு முன்வைத்த பதில்மனு. கருணாநிதியின் உடலை அண்ணா சதுக்கத்தில் அடக்கம் செய்ய இடம் கேட்டுத் தி.மு.க. தொடுத்த வழக்கில் அது தாக்கலானது. நீதிமன்ற மனு ஆய்வு நூல் ஆகாது. ஆனால் இந்த மனு வரலாறு எழுத முயன்றது. 1969 முதல் 2016 வரை நடந்தவற்றை ஒரு கோட்டில் நிறுத்தி, அதற்கு மரபு என்று பெயரிட்டது. ஒரு முன்னோடி ஆய்வாளரின் கருத்தை எப்படி வரி வரியாகச் சோதிப்போமோ, அப்படியே இதையும் சோதிப்பது தகும்.

முதலில் மனு எழுந்த சூழல். 2018 ஆகஸ்ட் 7 மாலை 6.10 மணிக்குக் கருணாநிதி காவேரி மருத்துவமனையில் மறைந்தார். அன்று மாலையே தலைமைச் செயலாளர் கிரிஜா வைத்தியநாதன் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. மெரினாவில் இடம் தர இயலாமைக்கு அந்த அறிக்கை கூறிய காரணம், உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த வழக்குகளும் சட்டச் சிக்கல்களும். மாற்றாக, சர்தார் படேல் சாலையில் காந்தி மண்டபத்துக்கும் காமராஜர் நினைவிடத்துக்கும் அருகே 2 ஏக்கர் தர அரசு முன்வந்தது. நிலுவையில் இருந்த அந்த வழக்குகள் பெரும்பாலும் ஜெயலலிதா நினைவிடம் தொடர்பானவை. அன்றிரவே பொறுப்புத் தலைமை நீதிபதி ஹுலுவாடி ஜி. ரமேஷின் இல்லத்தில் அவரும் நீதிபதி எஸ்.எஸ். சுந்தரும் விசாரணையைத் தொடங்கினர். மறுநாள் காலை 8 மணிக்கு ஒத்திவைத்தனர். இதற்கிடையில், வழக்குத் தொடுத்தவர்கள் தங்கள் மனுக்களைத் திரும்பப் பெற முன்வந்துவிட்டார்கள். முதல் காரணம் கரைந்துபோனது.

பதவியில் இருந்தவர், இல்லாதவர் என்ற பிரிவு அதன் பிறகுதான் மேடைக்கு வருகிறது. மாலை அறிக்கையில் அது முக்கியக் காரணமாக இல்லை. மறுநாள் காலை அதுவே அரசின் முதுகெலும்பு வாதம். ஐம்பது ஆண்டு மரபு ஒன்று உண்மையாகவே அரசு அலுவலகங்களில் வழங்கி வந்திருந்தால், மாலையில் எழுதிய அறிக்கையே அதைத்தான் முதலில் சொல்லியிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஒரு காரணம் விழுந்த இடத்தில் இன்னொரு காரணம் நடப்பட்டது என்றே இந்த வரிசையை நான் வாசிக்கிறேன். அவசரத்தில் எழுதிய அறிக்கை முழுமையாக இருக்காது என்று யாரேனும் மறுக்கலாம். அந்த மறுப்புக்கும் ஓரளவு எடை உண்டு.

இனி மனுவின் சான்றுகள். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தபோது மெரினாவில் எந்தத் தலைவரின் அடக்க இடமும் இல்லை. பின்பற்றுவதற்கு மரபே கிடையாது. அன்று ஒரு முடிவுதான் எடுக்கப்பட்டது. அந்த முடிவு ஏன் கடற்கரையை நோக்கிப் போனது என்பதற்கு ஓராண்டு முன்னே செல்ல வேண்டும். 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதையொட்டி வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி., கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோரின் சிலைகள் கடற்கரைச் சாலையில் எழுந்தன. 1959-இலேயே அங்கு உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் வந்துவிட்டன என்றாலும், தமிழ் என்ற ஒரே இழையில் கோத்த வரிசை 1968-இல்தான் அமைந்தது. அப்போது முதலமைச்சர் அண்ணா. தான் அமைத்த அந்த வரிசையின் வடமுனையில் அவரே அடக்கமானார். இந்த இடத்தேர்வைப் புரிந்துகொள்ள முதலமைச்சர் நாற்காலி தேவைப்படவில்லை. சிலை வரிசை போதும்.

(அண்ணாவின் இறுதி ஊர்வலத்தில் 1.5 கோடிப் பேர் திரண்டதாகக் கின்னஸ் பதிவு ஒன்று எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 4.12 கோடி. மூவரில் ஒருவருக்கு மேல் சென்னைக்கு வந்திருந்தால்தான் அந்த எண் நிற்கும். கூட்டம் மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. எண்ணை நான் எடுத்தாளவில்லை.)

அண்ணா சதுக்கக் கல்லறையில் பொறிக்கப்பட்ட வாசகத்தில் சற்றுத் தங்க வேண்டும். ‘எதையும் தாங்கும் இதயம் இங்கே உறங்குகிறது.’ ஐந்தே சொற்கள். இதில் முதலமைச்சர் என்ற சொல் இல்லை; நாடு, கட்சி, பட்டம் எதுவும் இல்லை; ஆளின் பெயர்கூட இல்லை. எழுவாய் இதயம். அரசு மரியாதையோடு, அரசு நிலத்தில், அரசுச் செலவில் அமைந்த கல்லறை ஒன்று, அதில் கிடப்பவர் வகித்த பதவியைத் தன் முதன்மை வாசகத்தில் சொல்லாமல் விட்டிருப்பது கவனிக்கத்தக்கது. அப்போது பொதுப்பணித் துறையைக் கையில் வைத்திருந்தவர் கருணாநிதி. அண்ணாவுக்கு அவர் எழுதி வானொலியில் ஒலித்த இரங்கற்பாவின் மையமும் அதே இதயம்தான். அண்ணாவின் இதயத்தை இரவலாகக் கேட்டு, தானும் அவரிடம் வரும் நாளில் அதைக் காலடியில் திருப்பி வைப்பதாக அந்தப் பாட்டு வாக்களிக்கிறது. கல்வெட்டு வாசகத்தையும் இந்தப் பாட்டையும் சேர்த்துப் படித்தால், அண்ணாவின் அருகே ஓர் இடத்துக்கான உரிமைக்கோரல் 1969-இலேயே எழுதப்பட்டுவிட்டது தெரியும். அந்தக் கோரல் தம்பி என்ற உறவின் பெயரால் எழுந்தது. பதவியின் பெயரால் அல்ல. 2018 மனு இந்தப் பக்கமே திரும்பவில்லை.

இரண்டாவது வாசகம் கருணாநிதியின் பேழையில் பொறித்தது: ‘ஓய்வெடுக்காமல் உழைத்தவர் இதோ ஓய்வு கொண்டிருக்கிறார்.’ மேற்கோளாக வழங்கும்போது ‘உழைத்தவன்… கொண்டிருக்கிறான்’ என்ற வடிவமும் காணப்படுகிறது. தன் கல்லறைக்குத் தானே எழுதுபவர் ‘ன்’ விகுதியைப் பயன்படுத்துவது இயல்பு. அதைப் பொறிப்பவர்கள் ‘ர்’ விகுதிக்கு மாற்றுவதும் இயல்பு. ஆகவே ‘ன்’ வடிவமே மூலம் என்று கொள்ள எனக்கு விருப்பம் உண்டு. விருப்பம் சான்றாகாது என்பதால் அங்கேயே நிறுத்துகிறேன். ஆண்டு பற்றிய கேள்விதான் அதைவிட முக்கியமானது. தந்தை மறைந்த இரவில் எழுதிய கடிதத்தில் மு.க. ஸ்டாலின், இந்த வாசகம் 33 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது என்கிறார். கணக்கிட்டால் 1985. துயர இரவில் எழுதிய கடிதத்தின் எண்ணைக் கல்வெட்டு ஆண்டுபோல் இறுக்கிப் பிடிக்க முடியாது. ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம். எனினும் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது 1977-க்கும் 1989-க்கும் இடையில்தான் விழும். அந்த ஆண்டுகள் முழுவதும் கருணாநிதி ஆட்சியில் இல்லை. கோட்டையில் எம்.ஜி.ஆர். இருந்தார், மீண்டும் முதலமைச்சர் ஆவோம் என்று அப்போது உறுதியாகச் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. அந்த வனவாசத்தின் நடுவே ஒருவர் தன் நினைவிட வாசகத்தை எழுதிவைக்கிறார் என்றால், நினைவிடத்துக்கான தகுதியைப் பதவியோடு அவர் முடிச்சுப் போடவில்லை என்றே பொருள். ‘உழைத்தவர்’ என்பதே அவர் தேர்ந்த தகுதி.

இதற்கு வலுச்சேர்க்கும் நிகழ்ச்சி 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் வேலூரில் மறைந்தபோது நடந்தது. எந்த அரசுப் பதவியிலும் இருந்திராத ஒருவருக்கு அரசு மரியாதை தர விதி இடம் தராது என்று அதிகாரிகள் தயங்கியதாகவும், காந்தி எந்தப் பதவியில் இருந்தார் என்று தாம் திருப்பிக் கேட்டதாகவும் கருணாநிதி பின்னாளில் சொல்லி வந்தார். அவரே சொன்ன கதை என்பதால் உரையாடலின் சொற்களுக்கு நான் பொறுப்பேற்கவில்லை. பெரியாருக்கு அரசு மரியாதை தரப்பட்டதும், அவர் வேப்பேரி பெரியார் திடலில் அடக்கமானதும் உறுதி. திடல் இயக்கத்தின் சொந்த நிலம். அங்கே அரசிடம் இடம் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. 1978-இல் மணியம்மையாரும் அதே திடலில் அடக்கமானார்.

அரசுத் தரப்பின் வலுவான சான்று எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி இராமச்சந்திரன். இங்கே வழுக்கிச் செல்லக் கூடாது. 1988 ஜனவரியில் மூன்று வார காலம் முதலமைச்சராக இருந்தவர். திராவிடக் கட்சியைச் சேர்ந்தவர். 1996 மே 19 அன்று மறைந்தார். கணவருக்கு அருகில் மெரினாவில் இடம் பெறவில்லை. இராமாவரம் தோட்டத்து வீட்டிலேயே அடக்கமானார். பதவியில் இல்லாதவர் என்ற காரணத்துக்காகக் கருணாநிதி அரசே மறுத்தது என்றும், அப்படி மறுத்தவருக்கு இப்போது வேறு அளவுகோலா என்றும் அரசுத் தரப்பு கேட்டது. கேள்வி கூர்மையானது. தி.மு.க. ஆதரவு எழுத்துகளில் இதற்குச் சரியான விடை இல்லை. பெரும்பாலும் கோபம்தான் இருக்கிறது.

நாள்களைக் கவனித்தால் விடைக்கு ஒரு வழி தெரிகிறது. கருணாநிதி 1996 மே 13 அன்று பதவியேற்றார். ஆறாம் நாள் ஜானகி மறைகிறார். 1987-இல் எம்.ஜி.ஆரின் கட்சி ஆட்சியில் இருந்தது. 1996 மே மாதத்தில் இல்லை. ஜானகியோ 1989-க்குப் பின் அரசியலிலிருந்தே ஒதுங்கியவர். அ.தி.மு.க.வுக்கு இராயப்பேட்டைத் தலைமையக இடத்தை அளித்தவர் என்றாலும், அவருக்காகக் கோட்டைக் கதவைத் தட்டும் நிலையில் அன்று அந்தக் கட்சி இல்லை. அந்த மாதத் தேர்தலின் பெருந்தோல்வியிலிருந்து அது அப்போது எழவே இல்லை. ஆகவே ஜானகியின் நிகழ்வு பதவி விதிக்குப் பொருந்துவதுபோலவே வேறொரு விளக்கத்துக்கும் பொருந்துகிறது: மறைந்தவரின் கட்சி அந்த இரவில் ஆட்சியில் இருந்ததா?

இந்த விளக்கத்தை எல்லா நிகழ்வுகளோடும் வைத்துப் பார்ப்போம். 1969-இல் அண்ணா மறைந்ததும் பொறுப்பு முதலமைச்சரானவர் நெடுஞ்செழியன். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்ததும் பொறுப்பு முதலமைச்சரானவர் அதே நெடுஞ்செழியன். மெரினாவின் முதல் இரண்டு அடக்கங்களும் ஒரே மனிதரின் பொறுப்பு ஆட்சியில் நடந்தன என்பதை இதுகாறும் எழுதியவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. (அவர் 2000 ஜனவரியில் மறைந்தபோது அவருக்கு மெரினா பற்றிப் பேச்சே எழவில்லை.) 2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா மறைந்தார், சில மணி நேரத்திலேயே ஓ. பன்னீர்செல்வம் பதவியேற்றார், மறுநாள் மாலை எம்.ஜி.ஆர். நினைவிட வளாகத்தில் அடக்கம். மூன்று முறையும் மறைந்தவரின் கட்சியே அரசு. விண்ணப்பிப்பவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவரே. முதலமைச்சர் பதவியில் இறப்பவரின் கட்சி ஆட்சியில் இருப்பது சொல்லாமலே விளங்கும். இணைந்து வரும் இரு தன்மைகளில் மேலே தெரிந்ததைக் காரணமாக்கி, கீழே இருந்ததை விட்டுவிட்டது மனு.

இரண்டையும் பிரித்துச் சோதிக்க, தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது மறைந்த முன்னாள் முதலமைச்சர் ஒருவர் வேண்டும். திராவிடக் கட்சிகளின் வரலாற்றில் 2018 வரை அப்படி ஒருவர் இல்லை. ஆகவே என் விளக்கமும் முடிந்த முடிவு ஆகாது. மனுவின் விளக்கத்தைவிட ஒரு வகையில் மேலானது என்று மட்டும் சொல்லலாம்: 2018 ஆகஸ்ட் 7 இரவு இடம் மறுக்கப்பட்டதையும் அது விளக்குகிறது.

கிண்டிப் பக்கம் மனு இன்னும் பலவீனமானது. முன்னாள் முதலமைச்சர்களுக்கான இடம் கிண்டி என்றால், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருக்கு ஏன் அங்கே நினைவிடம் இல்லை? அவர் 1970 ஆகஸ்டில், கருணாநிதி ஆட்சியில் மறைந்தார். குமாரசாமி ராஜாவும் அங்கே இல்லை. மறுபுறம், முதலமைச்சராக இருந்திராத இரட்டைமலை சீனிவாசனுக்கும் மொழிப்போர் ஈகியர்க்கும் அதே வளாகத்தில் நினைவிடங்கள் உண்டு. வளாகத்தின் அச்சாணி 1956-இல் ராஜாஜி திறந்துவைத்த காந்தி மண்டபம். காந்தியோடு பிணைந்த வாழ்வுகளை அது ஈர்த்தது. காமராஜர் 1975-இல் காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 அன்றே மறைந்தார். மறுநாள் காந்தி மண்டபத்தின் பக்கத்தில் தகனம் நடந்தது. நினைவிடத்தில் ராட்டை வடிவம் அமைந்தது. ராஜாஜியின் நினைவாலயத்துக்கு இராமாயண மணிமுடி வடிவம். இந்த அடையாளங்களில் எதுவும் முன்னாள் முதலமைச்சர் என்று பேசவில்லை.

இன்னொன்று. ராஜாஜியும் காமராஜரும் எரியூட்டப்பட்டவர்கள். மெரினாவில் இருப்பவர்கள் புதைக்கப்பட்டவர்கள். எரிந்த உடலுக்கு நினைவாலயம் எங்கும் கட்டலாம், எப்போதும் கட்டலாம்; புதைக்கும் உடலுக்கு ஒரு நாளுக்குள் ஓர் இடம் வேண்டும், அந்த இடம் பின்னர் மாறாது. கிண்டியையும் மெரினாவையும் ஒரே வகையின் இரு கிளைகளாக வைத்துப் பேசியதே மனுவின் அடிப்படைப் பிழை. ஜெயலலிதா பிறந்த ஐயங்கார் குடும்பத்தில் எரியூட்டுவதே வழக்கம். அவரைப் புதைத்ததில் மனவருத்தமுற்ற உறவினர் சிலர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உருவம் செய்து தகனச் சடங்கு நடத்தினார்கள். பிறந்த குலத்தின் வழக்கத்தை மீறி இயக்கத்தின் வழக்கம் நின்ற நிகழ்வு அது.

எரிப்பதும் புதைப்பதும் நினைவின் வடிவத்தையே எப்படி மாற்றுகின்றன என்பது நம் மலேசியாவில் இன்னும் தெளிவாகத் தெரியும். சிரம்பான் லோபாக்கில் இருந்து பார்க்கும் ஒரு தமிழருக்கு அரசியல் தலைவரின் அடக்க இடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோலா பிலா மாவட்டத்தின் ஸ்ரீ மெனாந்தியாகவே இருக்கும். நாட்டின் முதல் பேரரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான் 1960 ஏப்ரல் 1 அன்று பதவியில் இருந்தபடியே மறைந்தார். தலைநகரில் அல்லாமல் தம் நெகிரி செம்பிலான் அரச அடக்கத்தலத்துக்கே திரும்பினார். கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலை ஒட்டிய மக்காம் பஹ்லாவானில் 1973-இல் துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில் பதவியில் மறைந்து முதலில் அடக்கமானார். 1976-இல் பிரதமராக இருந்தபடி மறைந்த துன் அப்துல் ரசாக். பிரதமர் பதவியிலிருந்து விலகிப் பல ஆண்டுகள் கழித்து 1990-இல் மறைந்த துன் ஹுசேன் ஓன். 2025 ஏப்ரலில் துன் அப்துல்லா அகமது படாவி. பதவியில் இருந்தவரும் இல்லாதவரும் ஒரே கூரையின் கீழ். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானோ அங்கே இல்லை. அலோர் ஸ்டார் லங்கார் அரச அடக்கத்தலத்தில் இருக்கிறார். சமயமும் குடும்பமும் முடிவு செய்த இடங்கள் இவை.

அந்தப் பள்ளிவாசல் வளாகத்தில் மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தனுக்கு இடம் இருக்க முடியாது. 1979 மே 18 அன்று மறைந்த அவருக்குக் கிடைத்தது பிரிக்பீல்ட்ஸ் சாலையின் பெயர். அதைவிடப் பெரிதாக, 1960-இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் அதன் விஸ்மா துன் சம்பந்தனும். 2022 செப்டம்பரில் அதே கட்சியின் பின்னாள் தலைவர் சாமிவேலுவும் எரியூட்டப்பட்டார். தமிழகத்தில் ஆண்டுதோறும் மலர்வளையத்தோடு கட்சிகள் போய் நிற்க ஒரு கல் இருக்கிறது. இங்கே நாளிதழில் நினைவஞ்சலிப் பக்கமும் மண்டபக் கூட்டமும்தான். ம.இ.கா. தலைமைக்கு மெரினா போன்ற ஒரு சடங்குத்தலம் உருவாகாததற்கு, கட்சியின் அளவைவிட இந்த நடைமுறை வேறுபாடே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

மீண்டும் மெரினாவுக்கு. உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 8 முற்பகலில் அண்ணா நினைவிட வளாகத்தில் இடம் தர ஆணையிட்டது. திராவிட இயக்கத் தலைவர்களுக்கு அங்கே இடம் தந்துவிட்டு, இந்த ஒருவருக்கு மட்டும் மாறான நிலை எடுப்பது ஏன் என்பதே விசாரணையில் எழுந்த கேள்வி. இயக்கம் என்ற அளவுகோலை நீதிமன்றம் ஏற்றது. பதவி என்ற அளவுகோல் நிற்கவில்லை. அன்று மாலையே அடக்கம் நடந்தது. தன் கட்சி ஆட்சியில் இல்லாதபோது மெரினாவில் இடம் பெற்ற முதல் தலைவர் கருணாநிதி. அதைத் தந்தது கோட்டை அல்ல, நீதிமன்றம். பிந்தைய கட்டுமானங்கள் பழைய வழிக்கே திரும்பின. ஜெயலலிதாவின் பீனிக்ஸ் வடிவ நினைவிடத்தை 2021 ஜனவரி 27 அன்று எடப்பாடி பழனிசாமி திறந்தார், 2.21 ஏக்கரில் அமைந்த கருணாநிதி நினைவிடத்தை 2024 பிப்ரவரி 26 அன்று மு.க. ஸ்டாலின் திறந்தார். அவரவர் கட்சி, அவரவர் ஆட்சி.

‘பதவியில் இருந்தவர்க்கே மெரினா’ என்ற விதியை 1969-இன் முடிவுக்கோ 1987-இன் முடிவுக்கோ காரணமாக இனி எழுதக் கூடாது. 2018-இன் பதில்மனுவை 2018-இன் அரசியலுக்குச் சான்றாக மட்டும் எடுத்தாளலாம்.